கடலோரச் செயலிக்கு எந்த உரிமம்? திறமூல நிரல்களைச் சேர்க்கும்போது எழும் இணக்கச் சிக்கல் பற்றி ஓர் ஒப்பீடு

இராமேசுவரம் தீவு தொடங்கி மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையிலும் உள்ள கரையூர்களில், மீனவக் குடும்பங்களிலிருந்து கணினியியல் படித்து வந்த இளைஞர்களை இப்போது எளிதாகக் காணலாம். அவர்களில் நான்கைந்து பேர் கூடி, நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர் தம் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு செயலியை உருவாக்க முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். படகு நிற்கும் இடத்தை அது வரைபடத்தில் காட்ட வேண்டும். இந்திய இலங்கைக் கடல் எல்லைக்கோடு நெருங்கும்போது தமிழில் பேசி எச்சரிக்க வேண்டும். காற்று, அலை பற்றிய அறிவிப்பை வாசித்துச் சொல்ல வேண்டும். நங்கூரமிட்டுத் தங்கும் இரவில் படகு இழுபட்டுப் போனால் ஆளை எழுப்ப வேண்டும். கரையை விட்டுச் சற்றுத் தொலைவு போனதுமே கைபேசித் தொடர்பு அற்றுவிடுவதால், இவற்றில் பெரும்பகுதி இணையம் இல்லாமலே நடந்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சிறு குழு முதல் வரியிலிருந்து எழுத முடியாது, எழுதவும் தேவையில்லை. மூலநிரலோடு, அதாவது நிரலர் எழுதிய படிக்கக்கூடிய வடிவத்தோடு, பொதுவில் விடப்பட்ட திறமூல நிரல்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எந்த நிபந்தனையோடு எடுத்தாளலாம் என்பதை அதன் உரிமம் சொல்லும்; பிஎஸ்டி, எம்ஐடி, ஜிபிஎல், அப்பாச்சி என்பவை அத்தகைய உரிமங்களின் பெயர்கள். வரைபடம் காட்டுவதற்கு மேப்லிப்ரே இருக்கிறது. அது பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. கோடு, பரப்பு, தொலைவு ஆகிய கணக்குகளுக்கு, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தில் ஜியோஸ் என்ற நிரலகம் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது. எழுத்தைத் தமிழில் பேசிக் காட்டும் ஈஸ்பீக் என்ஜி, ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்ற உரிமத்தில் வருகிறது. நங்கூரக் காவல் முதலிய வசதிகள் கொண்ட கப்பலோட்ட மென்பொருளான ஓப்பன்சிபிஎன், ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் வெளியாகிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் சார்ந்து நிற்கும் துணை நிரலகங்களில் பெரும்பாலானவை அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளவை. கரையோரக் கோட்டையும் தீவுகளையும், பலர் கூடி உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம். அந்தத் தரவுக்கு ஓடிபிஎல் என்ற தனி உரிமம் உண்டு. இவற்றோடு, யாரோ ஒரு கல்லூரி மாணவர் முன்பு எழுதிப் பொதுவில் இட்ட எல்லை எச்சரிக்கை நிரலும் குழுவின் கைக்குக் கிடைக்கிறது. அதன் தலைப்பில் ‘ஜிபிஎல் பதிப்பு 2’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஒவ்வொன்றும் தனித்தனியே ‘எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பகிர்ந்துகொள்’ என்றுதான் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே செயலியாகச் சேர்த்துப் படகுக்காரர் கையில் கொடுக்கும்போதுதான், அந்த அனுமதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி வருகிறது. இந்தக் கேள்வியைச் செயலி முடிந்த பிறகு கேட்பவர்கள்தாம் பெரும்பாலும் துன்பப்படுகிறார்கள். ஆகவே, குழுவின் முன் உள்ள வழிகளை நிரல் எழுதுவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இணக்கத்துக்குத் திசை உண்டு

இரண்டு உரிமங்கள் இணக்கமானவையா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இந்த உரிமத்தில் உள்ள நிரலை அந்த உரிமத்தில் வெளியாகும் தொகுப்புக்குள் கொண்டுபோகலாமா என்றே கேட்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்பது மிகக் குறைவு: ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் உடன் வைத்திருந்தால் போதும். அதனால் அவை ஏறக்குறைய எந்தத் தொகுப்புக்குள்ளும் போகும். ஜிபிஎல் கேட்பது அதைவிடப் பெரிது: அந்த நிரலைச் சேர்த்துச் செய்த படைப்பு முழுவதையும் ஜிபிஎல்லிலேயே, மூலநிரலோடு, பெறுகிறவருக்குக் கொடுக்க வேண்டும், தான் விதிக்காத வேறு எந்தக் கட்டுப்பாட்டையும் அதன்மேல் சுமத்தக் கூடாது. ஆகவே எம்ஐடி நிரல் ஜிபிஎல் தொகுப்புக்குள் போகலாம். ஜிபிஎல் நிரலைச் சேர்த்துக்கொண்டு அந்தத் தொகுப்பை எம்ஐடி என்று வெளியிட முடியாது.

இதில் பலர் இடறும் இடம் அப்பாச்சி 2.0 தான். 2004 ஜனவரியில் வந்த அந்த உரிமம், நிரலோடு பேடன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) அனுமதியையும் சேர்த்துத் தருகிறது; அந்த நிரல் தன் பேடன்டை மீறுகிறது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தால், அவருக்குக் கொடுத்த பேடன்ட் அனுமதி முடிந்துபோகும் என்கிறது. நியாயமான விதிதான். ஆனால் 1991இல் வந்த ஜிபிஎல் 2இல் அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே அது ‘கூடுதல் கட்டுப்பாடு’ ஆகிறது என்பது, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் 3 இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வகையில் எழுதப்பட்டது. அதன் பயனாக அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 தொகுப்புக்குள் கொண்டுபோகலாம். எதிர்த்திசையில் போக முடியாது. இதனால் எழுந்த நடைமுறை இடர் சிறியதன்று. நிரல்மாற்றிக் கருவித் தொகுப்பான எல்எல்விஎம் 2019இல் அப்பாச்சி 2.0க்கு மாறியபோது, ஜிபிஎல் 2 மென்பொருள்களோடு சேர முடியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே உரிமத்தோடு தனி விலக்கு வாசகம் ஒன்றையும் இணைக்க வேண்டியிருந்தது.

இரண்டு உரிமங்களும் ‘முழுவதும் என்னுடைய விதிப்படியே’ என்று சொன்னால், எந்தத் திசையிலும் வழி இல்லாமல் போகலாம். சன் நிறுவனம் தன் சோலாரிஸ் இயங்குதள நிரல்களுக்கு எழுதிய சிடிடிஎல் உரிமமும் ஜிபிஎல்லும் அப்படித்தான். சிடிடிஎல்லில் வெளியான இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை, ஜிபிஎல் 2இல் உள்ள லினக்ஸ் இயங்குதளத்தின் கருவோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்ற விவாதம் இன்றும் முடியாததற்குக் காரணம் அதுவே.

இவையெல்லாம் ஏட்டளவிலான விதிகள் என்று எண்ணிவிடக் கூடாது. இலவசமாகக் கொடுத்த நிரலின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2008இல், மாதிரி இரயில் இயக்கும் ஒரு மென்பொருள் பற்றிய வழக்கில் தெளிவாகச் சொன்னது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்தே பாதுகாக்கிறது.

முதல் வழி: ஜிபிஎல் 2இலேயே நிற்பது

கல்லூரி மாணவரின் நிரல் ஜிபிஎல் 2இல் இருப்பதால் செயலி முழுவதையும் ஜிபிஎல் 2இல் வெளியிடலாமே என்று தோன்றும். ஓப்பன்சிபிஎன்னும் ஜியோஸும் அதற்கு இடம் தரும். ஆனால் ஆண்ட்ராய்டுத் துணை நிரலகங்கள் அப்பாச்சியில் இருப்பதாலும், ஈஸ்பீக் என்ஜி ஜிபிஎல் 3இல் இருப்பதாலும் இந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. ஒரு மாணவரின் சில நூறு வரிகளைக் காப்பாற்றுவதற்காகச் செயலியின் பேச்சையும் அடித்தளத்தையும் இழப்பது பொருந்தாத பேரம்.

ஆயினும் அந்தத் தலைப்பு வாசகத்தை உற்றுப் படிக்க வேண்டும். ‘பதிப்பு 2 அல்லது, விரும்பினால், பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்று இருந்தால் சிக்கலே இல்லை. பதிப்பு எண்ணே குறிப்பிடாமல் ‘ஜிபிஎல்’ என்று மட்டும் இருந்தாலும், வெளியான எந்தப் பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம் என்று ஜிபிஎல் 2இன் 9ஆம் பிரிவே சொல்கிறது. ‘பதிப்பு 2’ என்று எண்ணை மட்டும் குறித்துவிட்டு நிறுத்தியிருந்தால்தான் கதவு மூடியிருக்கிறது. அதைத் திறக்கும் உரிமை, எழுதியவர் ஒருவருக்கே உண்டு. ஆயிரக்கணக்கானோர் எழுதிய லினக்ஸ் கருவில் அப்படி எல்லோரிடமும் ஒப்புதல் பெறுவது நடக்காத காரியம். ஒரே மாணவர் எழுதிய நிரலில் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடக்கூடியது.

இரண்டாம் வழி: தளர்ந்த உரிமங்கள் மட்டும்

ஜிபிஎல் சார்ந்த எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி நிரல்களை மட்டும் கொண்டு செயலியைக் கட்டி, அதை அப்பாச்சி 2.0இல் வெளியிடுவது அடுத்த வழி. இதன் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அரசுத் துறையோ, கூட்டுறவுச் சங்கமோ, கருவி விற்கும் கடையோ தயக்கமின்றி எடுத்து ஆளலாம். எவரும் வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை.

இந்த வழியில் போக, விலக்கியவற்றுக்கு மாற்று வேண்டும். எல்லைக்கோட்டுக் கணக்குக்கு மாற்று எளிது. பதிப்புரிமை காப்பது எழுதிய முறையையே தவிர, அதன் பின்னுள்ள கணிதத்தை அன்று; ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு உள்ள தொலைவைக் கணக்கிடும் நிரலை எவரும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். எல்லைக்கோட்டின் புள்ளிகளும் 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய இலங்கை ஒப்பந்தங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைகளாகவே தரப்பட்டிருக்கின்றன. நங்கூரக் காவலும் அப்படியே: நங்கூரமிட்ட இடத்திலிருந்து படகு குறித்த வட்டத்தைத் தாண்டினால் ஒலி எழுப்பும் ஏற்பாட்டுக்கு, ஓப்பன்சிபிஎன்னின் வரிகளை எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டுக்காகவும் ஒருவர் ஜிபிஎல்லை ஏற்கிறார் என்றால், அவர் தேவையில்லாமல் ஏற்கிறார் என்றே சொல்வேன்.

பேச்சுதான் கடினம். எச்சரிக்கை வாக்கியங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தெளிவாகப் பேசும் ஒருவரின் குரலைப் பதிவு செய்து சேர்த்துவிடலாம்; கடலின் இரைச்சலில் இயந்திரக் குரலைவிட ஊர்க்காரர் குரல் காதில் நன்றாக விழும் என்பதும் உண்மை. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, தம் பேச்சு வழக்கிலேயே கடற்செய்தி கேட்பதன் அருமை தெரியும். ஆனால் நாள்தோறும் மாறும் காற்று, அலை அறிவிப்பைப் பதிவுக்குரலால் முழுமையாக வாசிக்க முடியாது. எண்களையும் திசைகளையும் துண்டுகளாகப் பதிந்து ஒட்டலாம். அறிவிப்பில் எதிர்பாராத ஒரு வாக்கியம் வந்தால் செயலி ஊமையாகிவிடும்.

குரல் பதிவுக்கும் உரிமம் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் நல்லெண்ணத்தோடு ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்கிறார்கள். மீன்பிடிப்பது ஒரு தொழில்; அந்தத் தொழிலில் பயன்படும் செயலியில் அப்படிப்பட்ட கோப்பு ஒன்று இருப்பது தீராத ஐயத்தைக் கொண்டுவரும்; திறமூலத் தொகுப்புகளும் அதை ஏற்பதில்லை. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமமோ, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமமோ பொருத்தமானது. பின்னது 2015 அக்டோபர் முதல் ஜிபிஎல் 3க்குள் ஒருவழியாக இணங்கும் என்று முறையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம்: நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை வெளியாகும் ஓஎஃப்எல் உரிமம், எந்தச் செயலியோடும் சேர்த்துக் கொடுக்க அனுமதிக்கிறது.

இரண்டாம் வழிக்கு எதிராக என் மனத்தில் நிற்கும் காரணம் வேறு. அப்பாச்சியில் வெளியிட்ட செயலியை ஒருவர் எடுத்து, எல்லைக்கோட்டுக் கணக்கில் மாற்றம் செய்து, மூலநிரலை மூடிவைத்துப் படகுக்காரர்களுக்கு விற்கலாம். அந்த மாற்றம் சரியா தவறா என்று பார்க்கும் வழி வாங்கியவருக்கு இல்லை. விளையாட்டுச் செயலியில் இதனால் பெரிய கேடில்லை. எல்லை தாண்டினால் படகும் போய் ஆளும் சிறைக்குப் போகும் பாக் நீரிணையில், கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கும் உரிமை படகில் இருப்பவரோடு கடைசிவரை போக வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

மூன்றாம் வழி: பிரித்து வைப்பது

ஜிபிஎல் நிரலைத் தனி நிரலாகவே ஓடவிட்டு, செயலி அதனோடு வெளியிலிருந்து செய்தி பரிமாறும்படி அமைத்தால், இரண்டும் ஒரே படைப்பு ஆவதில்லை. ஒவ்வொன்றும் தன் உரிமத்தை வைத்துக்கொள்ளலாம். நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழிகளான குழாய், சாக்கெட், கட்டளை வரி ஆகியவற்றின் வழியே பேசிக்கொள்ளும் நிரல்கள் பொதுவாகத் தனி நிரல்களே என்றும், உள்தரவு அமைப்புகளை நெருக்கமாகப் பகிர்ந்துகொண்டால் அவை ஒன்றாகிவிடக்கூடும் என்றும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விளக்கியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் இதற்கு ஓர் இயல்பான வழி உண்டு: ஈஸ்பீக் என்ஜியைப் பேச்சுப் பொறியாகத் தனியே நிறுவிவிட்டால், எந்தச் செயலியும் இயங்குதளத்தின் பொதுவான பேச்சு இடைமுகத்தின் வழியே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சட்டப்படி இது துப்புரவானது. ஆனால் படகுக்காரர் இரண்டு செயலிகளை நிறுவ வேண்டும். அமைப்புகளுக்குள் போய்ப் பேச்சுப் பொறியைத் தேர்வு செய்ய வேண்டும். கைபேசியை மாற்றும்போது இரண்டையும் மறவாமல் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால், எல்லைக்கோட்டருகே எச்சரிக்கை வர வேண்டிய நேரத்தில் கைபேசி பேசாமல் இருக்கும். உரிமத்தின் வசதிக்காகப் பாதுகாப்பு ஏற்பாட்டில் இப்படி ஓர் ஓட்டையை விடுவது எனக்கு உடன்பாடில்லை. பிரிப்பு வேண்டும் என்றால் அது பொறியியல் காரணத்துக்காக இருக்க வேண்டும்.

பிரிப்பு தானாகவே அமையும் இடம் ஒன்று இருக்கிறது. கரையில் ஒரு சேவையகம் காற்று, அலை அறிவிப்புகளைத் திரட்டிச் சுருக்கி அனுப்புகிறது என்றால், அது வலைப்பின்னலுக்கு அப்பால் உள்ள தனி நிரல். அதன் உரிமத்தைத் தனியே முடிவு செய்யலாம். அதை வேறொருவர் மாற்றி ஓட்டினால், பயன்படுத்துவோருக்கு அந்த மாற்றத்தின் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்று குழு விரும்பினால், வலைவழிச் சேவைகளுக்கான ஜிபிஎல் வடிவமான ஏஜிபிஎல் 3 பொருந்தும்.

நான்காம் வழி: ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது

மேலே சொன்ன பகுதிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், மாணவரின் நிரல் நீங்கலாக அனைத்தும் வந்து சேரக்கூடிய ஒரே இடம் இதுதான் என்பது தெரியும். ஈஸ்பீக் என்ஜி அங்கேயே இருக்கிறது. ஓப்பன்சிபிஎன்னில் உள்ள ‘பிந்தைய பதிப்பு’ என்ற சொல் அதை அங்கே வரவிடுகிறது. எல்ஜிபிஎல் 2.1இன் 3ஆம் பிரிவு, அந்த நிரலகத்தைச் சாதாரண ஜிபிஎல்லுக்கு, பிந்தைய பதிப்புக்கும்கூட, மாற்றிக்கொள்ள அனுமதிப்பதால் ஜியோஸும் வருகிறது. அப்பாச்சி வருகிறது, பிஎஸ்டி வருகிறது. நாளை மொசில்லாவின் எம்பிஎல் 2.0 உரிமத்தில் உள்ள ஏதேனும் ஒன்று தேவைப்பட்டால், ‘துணை உரிமங்களோடு இணங்காதது’ என்ற குறிப்பு அதில் இல்லாதவரை, அதுவும் வரும். பாதுகாப்பான இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சேர்ப்பதிலும் இப்போது தடை இல்லை. விளம்பரங்களில் தன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று அதன் பழைய உரிமத்தில் இருந்த விதியால் ஜிபிஎல் திட்டங்கள் தனி விலக்கு எழுதிச் சேர்க்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது அப்பாச்சி 2.0க்கு மாறிவிட்டது.

இந்தக் கரையில் செயலிகள் எப்படிப் பரவுகின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் நிறுவியதை அடுத்த படகுக்காரருக்குக் கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேராக அனுப்பிவிடுவார். அல்லது செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை வாட்ஸ்அப்பில் போடுவார். அப்படி அனுப்புகிறவரும் உரிமத்தின் கண்ணில் விநியோகிப்பவரே. ஜிபிஎல் 2 எழுதப்பட்ட காலத்தில் நிரல்கள் பெரும்பாலும் நெகிழ்வட்டிலும் நாடாவிலும் கைமாறின. ஜிபிஎல் 3, இப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மின்வழியே போகும் படிகளுக்கு, மூலநிரல் எங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்பதைத் தெரிவித்தால் போதும் என்ற வழியையும் தருகிறது. செயலிக்குள்ளேயே ‘இச்செயலி பற்றி’ என்ற பக்கத்தில் மூலநிரலின் முகவரியையும் உரிமத்தையும் தமிழில் எழுதிவைத்தால், அனுப்புகிறவர் அறியாமலே அந்தத் தகவலும் உடன் போய்ச் சேரும். அறியாமல் நேர்ந்த மீறலை ஜிபிஎல் 3 பொறுத்துக்கொள்ளும் விதமும் மேலானது: முதல்முறை அறிவிப்பு பெற்று 30 நாட்களுக்குள் சரிசெய்தால் உரிமை முழுமையாகத் திரும்பிவிடும். ஜிபிஎல் 2இல் மீறிய நொடியே உரிமை முடிந்துவிடும். திரும்பப் பெறும் வழி எழுதப்படவில்லை.

இதன் விலை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூடிய வரைபட நிரலகம் எதையும் செயலிக்குள் இணைக்க முடியாது. தம் சொந்த நிரலுக்கு ஒருவர் விலக்கு எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஈஸ்பீக் என்ஜியின் ஆசிரியர்களுக்காக அவர் விலக்கு எழுத முடியாது. ஆப்பிள் செயலிக் கடைக்குப் போவதிலும் இடர் உண்டு. ஜிபிஎல்லில் இருந்த விஎல்சி என்ற காணொளி இயக்கி, அந்தக் கடையின் விதிகளோடு முரண்பட்டு 2011 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டதை மறக்க வேண்டாம். செயலியைப் படகில் பொருத்தும் தனிக்கருவியாகச் செய்து விற்க ஒருவர் முன்வந்தால், வீட்டு உபயோகத்துக்கும் உரிய கருவிகளில், மாற்றிய நிரலை நிறுவத் தேவையான விவரத்தையும் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஜிபிஎல் 3இன் விதியை அவர் படித்தாக வேண்டும்.

விற்கக் கூடாது என்று ஜிபிஎல் சொல்வதாக ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விற்கலாம், எந்த விலைக்கும் விற்கலாம். வாங்கியவருக்கு மூலநிரலும், அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே போக வேண்டும் என்பதே நிபந்தனை.

என் முடிவு, செயலிக்கு ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது என்பதுதான். ஆனால் குழு புதிதாக எழுதும் எல்லாவற்றையும் அதில் பூட்ட வேண்டியதில்லை. எண்ணைத் தமிழ்ச் சொல்லாக மாற்றும் நிரல், கடல் அறிவிப்பைப் பிரித்தறியும் நிரல் போன்ற பொதுவான சிறு பகுதிகளைத் தனி நிரலகங்களாக அப்பாச்சி 2.0இல் வெளியிட்டு, அவற்றைச் செயலிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். திசை அதற்கு ஒத்திருக்கிறது. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ வேறொரு குழு வேறு உரிமத்தில் செயலி செய்தாலும் அவை அவர்களுக்கு உதவும். இந்தச் சிறு பகுதிகளுக்கு எம்ஐடியைவிட அப்பாச்சியை நான் விரும்புவதற்கு நம் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ள வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. உரிமங்களுக்கும் அந்தப் பிரிவு தக்க மாற்றங்களோடு பொருந்தும் என்கிறது 30ஏ பிரிவு. அப்பாச்சி 2.0 தன் அனுமதி நிரந்தரமானது, உலகு தழுவியது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஜிபிஎல் 3 பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்கிறது. எம்ஐடி இரண்டையும் பற்றிப் பேசுவதில்லை.

தரவைத் தனியே பார்க்க வேண்டும்

நிரலின் உரிமம் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் தரவின் உரிமத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மீனவர்களுக்கு நேரடியாக இழப்பு வரக்கூடிய இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பர் 12 முதல் ஓடிபிஎல் உரிமத்தில் தரப்படுகிறது. அந்தத் தரவை வைத்து வரைந்து திரையில் காட்டும் படத்துக்கு, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் அந்தத் தரவுத்தளத்தோடு நம் தரவைக் கலந்து புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டால், கலந்த தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்தப் பருவத்தில் மீன் கூடும் என்பது தலைமுறையாகக் கைமாறி வரும் அறிவு. ஒரு குடும்பம் அடுத்த குடும்பத்துக்கே எளிதில் சொல்லாதது. செயலியில் படகுக்காரர்கள் தம் பார் இடங்களைக் குறித்துவைத்து, தம் சங்கத்தாரோடு மட்டும் பகிர விரும்புவார்கள். அந்தப் புள்ளிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தீவுகளோடும் பாறைகளோடும் ஒரே அட்டவணையில் சேர்த்து, ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்தி, ஒரே கோப்பாக வெளியிட்டுவிட்டால், அந்த இரகசியத்தையும் திறந்து காட்ட வேண்டிய கடமை எழக்கூடும். தனிக் கோப்பில், தனி அடுக்காக, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எந்த விவரத்தையும் உள்ளே எடுக்காமல் வைத்துத் திரையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினால், அவை தனித்தனித் தரவுத்தளங்களாகவே நிற்கும். எல்லைக்கோட்டையும் வரைபடத் தரவிலிருந்து பிரித்தெடுக்காமல், ஒப்பந்தப் புள்ளிகளிலிருந்தே நேரடியாக அமைப்பது இதே காரணத்தால் சிறந்தது. செயலி ஓடும்போது வாசிக்கும் தரவு, ஜிபிஎல்லின் கீழ் வந்துவிடாது என்பதால், நிரலைத் திறந்து வைத்துப் பார் இடங்களை மூடி வைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அரசின் திறந்த தரவுத் தளத்தில் வெளியாகும் தரவுகளுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசுத் திறந்த தரவு உரிமம் பொருந்தும். அது மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறது. பிற நிறுவனங்களின் கடல் அறிவிப்புகளை எடுக்கும்போது, அவ்வவற்றின் விதிகளைப் படித்து, தேவையான இடத்தில் எழுத்துவழி அனுமதி பெற வேண்டும்.

தொடங்கும்போது செய்ய வேண்டியவை

ஒவ்வொரு நிரல்கோப்பின் தலைப்பிலும் அதன் உரிமத்தை எஸ்பிடிஎக்ஸ் என்ற சுருக்கக் குறியில் எழுதுவதும், வெளியிலிருந்து எடுத்தவற்றின் பெயர், பதிப்பு, உரிமம், எடுத்த இடம் ஆகியவற்றைத் தனிக் கோப்பில் குறித்துவருவதும் முதல் நாளிலேயே பழக்கமாக வேண்டும். பின்னால் சேர்ந்து எழுத வருகிறவர்களிடம் உரிமையை எழுதி வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. தாம் தருவது தமக்குத் தர உரிமை உள்ளதுதான் என்று ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ஒப்பமிடும் முறையை லினக்ஸ் கரு 2004 முதல் பின்பற்றிவருகிறது. சிறு குழுவுக்கு அது போதும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பணியாக எழுதிய நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனத்துக்கே போகும் என்பதால், சென்னையிலோ பெங்களூருவிலோ பணியில் இருந்துகொண்டு ஊருக்காக எழுத முன்வரும் பிள்ளைகள் மட்டும் தம் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது.

ஜிபிஎல் 2இல் எழுதிய அந்த மாணவருக்குக் கடிதம் எழுத வேண்டும். ‘அல்லது பிந்தைய பதிப்பு’ என்ற சொற்களைச் சேர்த்துத் தர இயலுமா என்று பணிவோடு கேட்டு, வரும் பதிலை நிரலோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால், அவர்களோடு உட்கார்ந்து எச்சரிக்கைகளைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. சோதனை தொடங்குவதற்கு முன் மாணவரின் இசைவு வந்தால் அவர் நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். வராவிட்டால், அவர் வரிகளைப் பார்க்காத ஒருவர் அந்தக் கணக்கை ஒப்பந்தப் புள்ளிகளிலிருந்து புதிதாக எழுத வேண்டும்.